பட்டுத் துணியில் ஒரு குறி

முகம் கழுவுவதும் முகம் துடைப்பதும் ஒன்று என்றுதான் நம் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மேடம். சோப்பைப் போட்டுப் பரபரவென்று தேய்த்து, முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, "முகம் கருத்துப்போச்சுக்கா" என்று என்னிடம் வந்து உட்காருவார்கள். கோவில்பட்டி வெயில், கரிசல் புழுதி, போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர். அந்த முகம் என்ன பாடுபடும் என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டாமா?

என் பார்லருக்கு நீங்கள் வந்ததில்லை என்று நினைக்கிறேன். மாடியில் இருக்கிறது, பொன்மணி பியூட்டி பார்லர் என்று போர்டு போட்டிருப்பேன். மற்ற பார்லர்களில் நறநறவென்று பொடி கலந்த கிரீமைப் போட்டுத் தேய்ப்பார்கள். நான் அதைத் தொடுவதில்லை. எனக்குப் பட்டுத் துணிதான். கல்யாண ரவிக்கை தைக்கிற டெய்லரிடம் துண்டு மிஞ்சும். அதில் ஜரிகை இல்லாத இடமாகப் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, கஞ்சி போகும்வரை ஊறவைப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு, நாடியிலிருந்து மேல்நோக்கிச் சின்னச் சின்ன வட்டமாகத் துடைக்க வேண்டும். கையின் பாரம் முகத்துக்குத் தெரியக் கூடாது. செத்த தோல் தானாகத் திரண்டு வந்துவிடும். பிறகு துணியை அலசி நிழலில் காயப்போட்டால் மறுபடியும் மறுபடியும் உபயோகிக்கலாம். ஆனால் ஒருத்தி துணியை இன்னொருத்தி முகத்தில் வைக்கவே கூடாது. அதில் நான் ரொம்பக் கறார்.

நீங்கள் கேட்டது இதையில்லை என்று தெரியும். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

பூங்கொடி என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளை வளர்த்தது நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் சண்முகராஜ் லாரி ஓட்டுகிறார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகக் கூடி வீட்டில் நானும் அவளும்தான். ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஒருத்தி தலையை ஒருத்தி வாருவோம். பார்லர் ஆரம்பித்ததும் அவளுக்கும் தொழில் கற்றுக்கொடுத்தேன். புருவம் திருத்துவதில் அவள் கை என் கையைவிடச் சுத்தம். அவள் இல்லாத நாளில் வாடிக்கைக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்கள். அதற்காகத்தான் அவளை வைத்துக்கொண்டேன் என்று ஊரில் நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும், அது உண்மையில்லை.

கூட்டம் சேரச் சேரத் துணிகள் ஒன்றோடு ஒன்று கலக்க ஆரம்பித்தன. பேனாவால் பெயர் எழுதினால் இரண்டு அலசலில் போய்விடும். அப்போதுதான் எனக்குச் சேராங்கொட்டை ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா கழுகுமலையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். சேராங்கொட்டை என்பது கறுப்பாக, தட்டையாக இருக்கும். அதைக் குத்தினால் ஒரு எண்ணெய் வரும். துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாத கறுப்பு. முன்னெல்லாம் வெளுக்கப் போடுகிற துணிக்கு அதை வைத்துத்தான் அடையாளம் போடுவார்கள். அந்தக் கொட்டை சிலருக்கு ஆகாது, பட்ட இடம் வீங்கிக் கொப்பளிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் சின்ன வயசிலிருந்து அளைந்த கை, எனக்கு ஒன்றும் செய்ததில்லை. துணி ஓரத்தில் காய்ந்துபோன ஒரு பொட்டு யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் மகள் செய்கிற தப்பா அது? ஆனாலும் செய்தேன். எல்லாத் துணிக்கும் ஊசி முனையால் குறி வைத்தேன், ஒருத்திக்குப் புள்ளி, ஒருத்திக்குப் பிறை, ஒருத்திக்குக் கோடு. பூங்கொடிக்குச் சின்னதாக ஒரு பூ.

கயத்தாறிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் நான்தான் அவளுக்கு முகம் துடைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் கன்னம் இரண்டும் உப்பி, நெற்றியெல்லாம் நீர்க் கொப்புளம். அவளால் வாயைச் சரியாகத் திறக்கக்கூட முடியவில்லை. வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றைக்கே இன்னும் ஒரு பெண் போன் செய்து தனக்கும் நாடியில் அரிக்கிறது என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொளுத்தினேன். புதுசாக வெட்டி, அவற்றில் கலர் நூலால் குறி தைத்தேன். ஆனால் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பார்லர் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். வெட்கம் என்றும் சொல்லலாம். முகத்தைப் பேணுகிறவள் என்று நாலு பேர் நம்பி வந்து உட்கார்ந்த இடத்தில் நானே இப்படிச் செய்துவிட்டேனே என்று கூனிக் குறுகிப் போனேன்.

அன்று மத்தியானம் பூங்கொடி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நான் விசிறிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"போட்டும் மதினி," என்றாள். "எனக்கும் கயத்தாறுக்குப் போக மனசில்ல. நான் இங்கனயே உங்ககூட இருந்துக்கிடுதேன்."

வேதனையை மறைக்க அவள் ஏதோ சொன்னாள். இப்போது அது புரிகிறது. அப்போது எனக்கு அது அவள் வாயால் வந்த உத்தரவு மாதிரி இருந்தது. கயத்தாறு வரன் பேச்சு வந்ததிலிருந்து ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து, எனக்குப் பசியெடுத்தது. முகம் வீங்கிக் கிடக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பசித்தது, மேடம். இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. மற்றதெல்லாம்கூடச் சொல்லிவிடலாம்.

எரித்த துணிகளில் அவளுடைய துணி இல்லை. அதை ஒரு சோப்பு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்தது எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வந்த இடம். நிலபுலன் உண்டு. ஆனால் அந்த மாமியார்க்காரி வாயைப் பற்றி நான் விசாரித்திருந்தேன், மூத்த மருமகளை அழவைத்தே அனுப்பிவிட்டவள். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எல்லா வீட்லயும் மாமியாக்காரி அப்படித்தான இருப்பா, நீ சும்மா கெட" என்றுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. லேசாகச் சிவந்தால் போதும், வருகிறவர்கள் அவர்களாகவே வேண்டாமென்று போய்விடுவார்கள், நாம் மறுத்ததாக இருக்காது என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்தேன். அலசி அலசிப் பூ கொஞ்சம் மங்கியது போல் எனக்குத் தோன்றியது. அதனால் அதன்மேல் புதுசாக ஒரு தடவை வைத்தேன்.

முதல் தடவை நடந்தது தெரியாமல். இரண்டாவது தெரிந்தே செய்தது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

லேசாகச் சிவக்கவில்லை. ஒரு தடவை பட்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மறு தடவை அது இன்னும் மோசமாகத்தான் பொங்கும். பத்து விரலையும் மடக்கிக்கொண்டு சொறியாமல் உட்கார்ந்திருந்தாள், பாவி மகள். நான் சொறியக் கூடாது என்று சொல்லியிருந்தேன், தழும்பு விழுந்துவிடும் என்று. கற்றாழைச் சோற்றை எடுத்து அலசி நான்தான் பூசிவிட்டேன். எத்தனை பதமாகப் பூசினேன் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாக தோஷம் என்றார்கள், பரம்பரைத் தோல் வியாதி என்றார்கள். எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் வந்து, "சங்கரன்கோவில் புத்துமண்ண எடுத்துப் பூசுங்க, கோமதியம்மா பாத்துக்கிடுவா" என்றாள். நாங்கள் போனோம். பூங்கொடி புற்றுமண்ணை முகம் முழுக்க அப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். மண்ணில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவளுக்குக் குணமாக வேண்டும் என்று மனசாரத்தான் கும்பிட்டேன். குணமும் ஆனது. அடுத்த வரன் வரும்வரை முகம் பளிச்சென்றுதான் இருந்தது.

அடுத்த வரன்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு குறை தெரிந்தது. ஒருவனுக்குக் குடி, ஒருவனுக்கு அக்காமார் அதிகம், ஒருவன் சிரிக்கவே இல்லை. குறை இல்லாத மாப்பிள்ளையைக் கொண்டு வந்திருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் பூங்கொடி மாறிவிட்டாள். பார்லரில் சுவரெல்லாம் கண்ணாடி. வாடிக்கைக்காரி புருவத்தைக் கண்ணாடியில் பார்ப்பாள், தன் முகம் வருகிற பக்கம் மட்டும் பார்க்க மாட்டாள். அப்படிப் பார்க்காமலிருக்க எப்படித்தான் பழகினாளோ. யாராவது கல்யாணப் பேச்சு எடுத்தால், "எனக்கு மொகம் ராசியில்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நூலை இழுப்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் உள் அறைக்குப் போய்விடுவேன். அவமானம் தாங்காது. இத்தோடு நிறுத்திவிட வேண்டும், அந்தத் துணியை எரித்துவிட வேண்டும் என்று எடுப்பேன். எடுத்துவிட்டுத் திரும்பவும் டப்பாவுக்குள்ளேயே வைப்பேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள்.

"மதினி, மத்தவிய துணிக்கெல்லாம் நூல்லதான குறி போடுதீங்க. எனக்கு மட்டும் ஏன் கறுப்புல பூ?"

"நீ வீட்டுப் பிள்ளைல்லா," என்றேன். "ஊராரு துணியோட உன் துணி கலந்துறக் கூடாதுட்டி."

அவளுக்குச் சந்தோஷம். அந்தப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். அவளுக்கு நான் காட்டிய கருணை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

முத்துசெல்வம் என்கிற பையன் தன் தங்கையைக் கல்யாண மேக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன். மும்பையில் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். அன்றைக்குப் பூங்கொடி முகத்தில் கொப்புளம் ஆறிக் கருகிக் கிடந்தது. அப்போதுதான் ஒரு வரன் திரும்பிப் போயிருந்தது. அவன் தங்கை பயத்தில் அழுதுகொண்டிருந்தாள். பூங்கொடி அவளை ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். வாசலில் காத்திருந்தவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, மொகத்துல என்ன இருக்குன்னு நான் பாக்க வரல. அவிய பேசுத பேச்சுக் கேட்டுட்டுத்தான் வாரேன். பொண்ணு பாக்குத சடங்கெல்லாம் வேண்டாம். நேரா கல்யாணத்த வச்சிருவோம்."

அவனிடம் நான் குறை தேடினேன். கிடைக்கவில்லை. பெண் பார்க்கிற நாள் என்று ஒன்று இல்லாததால் எனக்குச் செய்வதற்கும் ஒன்றுமில்லை. சரி, போகட்டும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். புடவை எடுத்தோம், பத்திரிகை அடித்தோம். பூங்கொடி கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாள். முகம் தெளிந்து அப்படியொரு மினுமினுப்பு. நானே மலைத்துப் போனேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, என் பட்டுத் துணிய எடுத்துத் தாங்க. பம்பாய்ல எனக்கு யாரு இப்படித் தொடச்சு விடுவா?" என்றாள். அப்புறம், "நீங்க கவலப்படாதீங்க. வருசத்துக்கு ஒரு தடவ கோயில் கொடைக்குக் கட்டாயம் வந்துருவோம்," என்றாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

கல்யாணப் பெண்ணுக்கு முகம் துடைக்க வேண்டுமில்லையா? அதுவும் அவள் என் பெண். உட்காரச் சொன்னேன். உள்ளே போய் ஒரு புதுக் கொட்டையைக் குத்தினேன். இந்தத் தடவை குறி வைக்கவில்லை. துணியில் அப்படியே தடவினேன். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, நாடியிலிருந்து ஆரம்பித்து, சின்னச் சின்ன வட்டமாக. கொஞ்சமும் அழுத்தவில்லை. கண் இமையிலும் துடைத்தேன். அவள் தூங்கிப்போனாள். எப்போதுமே என் கை பட்டால் தூங்கிவிடுவாள்.

பொழுது சாயும்போது கண் எரிகிறது என்று எழுந்தாள். கசக்கினாள். அதற்குள் விரலிலும் பட்டிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோகும்போது இரண்டு கண்ணும் மூடிக் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. வலது கண் தப்பித்துவிட்டது. இடது கருவிழியில் புண். வெளிச்சம் மட்டும் தெரியலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் கண் வரைக்கும் போக நினைக்கவில்லை. முகத்தோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். இமையில் துடைத்தவள் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், சொல்கிற எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கட்டுப் போட்ட முகத்தோடு அவள் என்னைத்தான் தேடினாள். கையைக் காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, எரியுது. டாக்டர் விட்டாருன்னா நம்ம பட்டுத் துணிய நனைச்சு ஒத்தி விடுங்களேன்," என்றாள். நான் கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். சுவரில் சாய்ந்தால் சுவரும் என்னைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இவ்வளவு காலம் பட்ட வெட்கமெல்லாம் பொய், அன்றைக்குப் பட்டதுதான் வெட்கம்.

துணி இந்தப் பைக்குள் இருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள், மேடம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ.

யாரும் புகார் கொடுக்காதபோது நீ ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? உண்மைதான், யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படவும் போவதில்லை. பூங்கொடியிடம் நீங்கள் போய்ச் சொன்னால்கூட அவள் நம்ப மாட்டாள், உங்களோடு சண்டைக்கு வருவாள். குற்றம் மனசை அரித்ததால் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது பொய்யில்லை. சோறு இறங்கவில்லை. கண்ணாடி பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நான் பயந்தபடி முத்துசெல்வம் ஓடிவிடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். அவளைக் கேட்டு, அவள் சரி என்றதும், பக்கத்துக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். ஒரு கண்ணில் கட்டோடு அவள் மாலை போட்டுக்கொண்டு நின்றாள். "நீங்க அழாதீங்க மதினி, இனி நான் பாத்துக்கிடுதேன்," என்று எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கண்ணுக்கு மும்பையிலேயே வைத்தியம் பார்க்கப் போகிறானாம். கடையை வேறு ரொம்ப நாள் பூட்டிவைக்க முடியாதாம். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

ஆமாம், மேடம். நான்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், வக்கீல் வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கு என்று பதிந்துவிட்டால் முக்கியமான சாட்சி அவள்தானே. அவன் எத்தனை தூரம் கூட்டிக்கொண்டு போனாலும், வாய்தாவுக்கு வாய்தா அவள் கோவில்பட்டிக்கு வந்துதானே ஆக வேண்டும்?